கடல் கடக்கும் கடைசல் பொம்மை!

பொழுது விடியும் முன்பே மாரிகுப்பத்தில் ரயில் ஏறுகிறவர்களுக்குப் பெங்களூர்தான் கடைசி ஊர். சாப்பாட்டுக் கேரியரும் சீசன் டிக்கெட்டுமாக ஏறி, பங்காருப்பேட்டை தாண்டியதும் ஒரு குட்டித் தூக்கம் போட்டு, பெங்களூரில் இறங்கி ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து விடுவார்கள். மாலையில் அதே வண்டி, அதே முகங்கள்.

அதே பெங்களூரில் மைசூர் ரயிலுக்கு மாறி உட்கார்ந்து, ராமநகரத்துப் பாறைகளைத் தாண்டினால் வருகிற ஊர் சென்னபட்டணா. பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோ மீட்டர். பெயரைக் கேட்டுச் சென்னைப் பட்டணமோ என்று மயங்க வேண்டாம். இது பொம்மைப் பட்டணம்! கன்னடத்தில் "கொம்பெகள ஊரு" என்றே இதைச் சொல்கிறார்கள்.

மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகப் பளபளக்கும் மரப் பம்பரம், கிலுகிலுப்பை, தலையாட்டும் தம்பதி, ரயில் வண்டி, நடைவண்டி, சொப்புச் சாமான்: இவை எல்லாம் பிறந்த வீடு இதுதான். அம்பாசமுத்திரத்துச் சொப்பை வைத்து விளையாடியவர்களுக்கு இந்தப் பொம்மைகளைப் பார்த்ததுமே உறவு விளங்கிவிடும்.

இந்தப் பொம்மை இன்று அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. ஜப்பானுக்கும் போகிறது. ஜப்பானுக்குப் போவதில்தான் ஒரு வேடிக்கை இருக்கிறது. சென்னபட்டணாப் பொம்மையின் பூர்வீகத்தில் ஜப்பானுக்கும் ஒரு பங்கு உண்டு!

கடைசல் வேலை

தங்கவயல்காரர்களுக்கு இந்தத் தொழிலை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கத்தின் ஒர்க்‌ஷாப்பிலோ, 1964-ல் தொடங்கிய பெமல் தொழிற்சாலையிலோ டர்னராக வேலை பார்த்தவர் ஒருவராவது இல்லாத தெரு இங்கே குறைவு. சுழலும் உலோகத்தில் உளியைக் கொடுத்து உருட்டி எடுப்பது அவர்கள் வேலை. அங்கே இரும்பு, சென்னபட்டணாவில் மரம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மரமும் தெரிந்த மரமே. கன்னடத்தில் "ஆலெ மரம்" என்பார்கள். தமிழில் வெட்பாலை. தோல் நோய்க்குத் தைலம் காய்ச்சுகிறார்களே, அதே வெட்பாலை! தந்தம் போல வெளுத்த, மென்மையான மரம். வெட்டிய மரத்தை இரண்டு மூன்று மாதம் காய வைக்கிறார்கள். ஈரம் போன பிறகு துண்டு போட்டு லேத்தில் மாட்டுகிறார்கள்.

உருவம் வந்ததும் சாயம் ஏற்ற வேண்டும். அதற்குத் தூரிகையும் இல்லை, பெயிண்டும் இல்லை. சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மீது அழுத்திப் பிடிக்கிறார்கள். உராய்வில் சூடு பிறக்கிறது. சூட்டில் அரக்கு உருகி மரத்தின் மேல் படிகிறது. பிறகு ஒரு தாழை மடலை எடுத்து அதன் மேல் அழுத்தித் தேய்த்தால் அரக்கு சமமாகப் பரவிக் கண்ணாடி போல மின்னுகிறது. எந்த மிஷினும் இந்தத் தாழை மடலின் வேலையை இன்னும் பிடுங்கிக் கொள்ளவில்லை!

மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள் கிழங்கு, நீலத்துக்கு அவுரி. இரண்டும் சேர்ந்தால் பச்சை. இப்படி இயற்கைச் சாயங்களால் செய்வது பழைய முறை. அரக்கும் பூச்சி தருகிற இயற்கைப் பொருள்தான். தாத்தா காலத்துக் கிராமபோன் இசைத்தட்டுகள் இந்த அரக்கில்தான் தயாராயின. அதற்கான அரக்கில் பெரும் பகுதி இந்தியாவிலிருந்துதான் கப்பலேறியது.

பாவாஸ் மியான்

திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து இந்த ஊராருக்கு அரக்கு வேலை கற்றுக் கொடுக்கச் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு.

அதன் பின் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர் பாவாஸ் மியான். சென்னபட்டணாப் பொம்மையின் தந்தை என்று இவரைச் சொல்கிறார்கள். ஜப்பானியப் பொம்மை செய்யும் நுட்பங்களைக் கடைப்பிடித்து, உள்ளூர்த் தொழிலாளர்களுக்கும் அவற்றைக் கற்றுக் கொடுத்தவர் இவர்.

ஜப்பானில் அப்படி என்ன இருந்தது?

ஜப்பானின் வடகிழக்கில் தொஹோக்கு என்பது குளிர் மிகுந்த மலைப் பிரதேசம். அங்கே வெந்நீர் ஊற்றுகள் ஏராளம். அறுவடை முடிந்த விவசாயிகள் உடம்பு வலி தீர அந்த ஊற்றுகளில் போய்த் தங்கிக் குளிப்பார்கள். பாத்திரம் பண்டம் கடையும் மர வேலைக்காரர்கள் அந்த ஊர்களில் இருந்தார்கள். மிச்சப்பட்ட மரத்தில் அவர்கள் பொம்மை கடைந்து, ஊர் திரும்புகிற விவசாயிகளிடம் விற்றார்கள். கையில்லை, காலில்லை. உருண்டைத் தலை, உருளை உடம்பு, மெல்லிய கோட்டில் வரைந்த கண்ணும் மூக்கும். இதன் பெயர் கொகேஷி. நருகோ என்ற ஊரின் கொகேஷியின் தலையைத் திருப்பினால் "கீச்" என்று குழந்தை போலச் சத்தமிடும்.

பழைய நாளில் ஒருவர் கயிற்றை இழுத்து லேத்தைச் சுழற்ற, இன்னொருவர் உளி பிடித்துக் கடைவார். சென்னபட்டணாவிலும் வில்லால் இழுத்துச் சுழற்றும் கை லேத்துதான் முதலில் இருந்தது. மின்சார லேத்து பின்னால் வந்தது.

ஜப்பானியக் கடைசல் பொம்மையின் புகழ் இந்தியாவோடு நிற்கவில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்யப் பொம்மை இருக்கிறதே, அது 1890-களில் பிறந்தது. ஜப்பானிலிருந்து வந்த ஒரு பொம்மையைப் பார்த்துத்தான் அந்த யோசனையே தோன்றியது என்று சொல்வதுண்டு. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் அது பரிசு வாங்கி உலகமெல்லாம் பரவியது. ஆக, பொம்மைக்குப் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை!

ஜப்பான் செய்த காரியம்

உள்ளூர்க் கைவேலையை வெளிநாட்டுக்காரன் வாங்கும்படி செய்வது எப்படி? இதில் ஜப்பானுக்கு 150 வருட அனுபவம் இருக்கிறது.

1873-ல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஜப்பான் அரசாங்கம் முதல் முறையாக அதிகாரபூர்வமாகப் பங்கு கொண்டது. பீங்கான், அரக்கு வேலை, விசிறி, பட்டு என்று ஊர் ஊராகத் திரட்டிக் கொண்டு போய் வைத்தது. ஐரோப்பா அசந்து போனது. ஜப்பானியப் பாணி அங்கே ஒரு மோகமாகவே ஆயிற்று.

ஆனால் பிறகு வந்தது இயந்திர யுகம். அன்றாடம் புழங்கிய கைவினைப் பொருளை ஜப்பானியரே மதிக்காத காலம் வந்தது. அப்போது யனகி சோயெட்சு என்ற அறிஞர், பெயர் தெரியாத குயவனும் நெசவாளியும் தச்சனும் செய்யும் சாதாரணப் பொருள்களில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். 1925-ல் அவரும் நண்பர்களும் அதற்கு "மிங்கெய்" என்று பெயரிட்டார்கள். மக்கள் கலை என்று பொருள். 1936-ல் டோக்கியோவில் அதற்கென்று ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள்.

1960-களில் ஜப்பானில் தொழிற்சாலைகள் பெருகின. பிளாஸ்டிக் வந்தது. கிராமத்துப் பிள்ளைகள் தகப்பன் தொழிலை விட்டு நகரத்துக்கு ரயிலேறினார்கள். (இந்தக் கதை எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா?) விழித்துக் கொண்ட அரசாங்கம் 1974-ல் மரபுக் கைவினைத் தொழில்களுக்காக ஒரு சட்டமே கொண்டு வந்தது.

அந்தச் சட்டப்படி ஒரு பொருள் அங்கீகாரம் பெற வேண்டுமானால், அது அன்றாட வாழ்க்கையில் பயன்படுவதாக இருக்க வேண்டும். முக்கிய வேலைகள் கையால் நடக்க வேண்டும். தொழில் நுட்பமும் மூலப்பொருளும் 100 ஆண்டுக்குக் குறையாத வழக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தில் பலர் அந்தத் தொழிலைச் செய்ய வேண்டும். இப்படி 240-க்கும் மேற்பட்ட தொழில்கள் அங்கீகாரம் பெற்றிருக்கின்றன. சோதித்துத் தேறிய பொருளில் முத்திரைச் சீட்டு ஒட்டப்படும். 12 ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவமுள்ள தொழிலாளி தேர்வு எழுதி வென்றால் அவருக்கு "மரபுக் கைவினைஞர்" என்ற பட்டமும் உண்டு.

இவ்வளவு செய்தும் முழு வெற்றி கிட்டிவிட்டதா என்றால், இல்லை. 1980-களில் உச்சத்தில் இருந்த அந்தத் தொழில்களின் உற்பத்தி மதிப்பு, அதன் பின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கி விட்டது. உள்நாட்டில் வாங்குகிறவர் குறையக் குறைய, வெளிநாட்டு வாடிக்கையாளரைத் தேடிப் போவது ஜப்பானியப் பட்டறைகளுக்குப் பிழைப்புக்கான வழியாகவே ஆகிவிட்டது.

கறுப்புக் கெட்டில் கலர் ஆனது

இவாத்தே வட்டாரத்து வார்ப்பிரும்புக் கெட்டில் நூற்றாண்டுகளாகக் கறுப்பு நிறம்தான். அடுப்பில் வைத்து வெந்நீர் காய்ச்சுவதற்கானது. பிரான்சு நாட்டுத் தேயிலை வணிகர்கள் அதைப் பார்த்து, "வடிவம் அற்புதம். ஆனால் எங்களுக்கு வெந்நீர்க் கெட்டில் வேண்டாம், தேநீர்க் குவளை வேண்டும். நிறமும் வேண்டும்" என்ற கருத்தில் கேட்டார்கள்.

பட்டறைக்காரர்கள் யோசித்தார்கள். வார்க்கும் முறையையும் மேலே புள்ளி புள்ளியாக இருக்கும் பழைய வேலைப்பாட்டையும் அப்படியே வைத்துக் கொண்டார்கள். உள்ளே துருப் பிடிக்காதபடி எனாமல் பூசினார்கள். வெளியே நீலம், சிவப்பு, பச்சை என்று நிறம் கொடுத்தார்கள். இன்று ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளில் அந்தக் குவளையை நிறையப் பார்க்கலாம்.

சென்னபட்டணாவும் இதே வழியில்தான் போயிருக்கிறது. பொம்மை மட்டும் செய்து கொண்டிருந்த பட்டறைகள், அதே வெட்பாலை, அதே அரக்கைக் கொண்டு வளையல், மணிமாலை, திரைச்சீலை வளையம், மேசை விளக்கு, பெரியவர்களுக்கான அலங்காரப் பொருள் என்று செய்யத் தொடங்கின. வாங்குகிறவருக்காக எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். நிறத்தை மாற்றலாம், அளவை மாற்றலாம். அரக்கை விட்டுவிட்டுப் பெயிண்ட் அடித்தால் அது சென்னபட்டணாப் பொம்மை இல்லை.

சாயம் போன கதை

தமிழ்நாட்டுக் கைத்தறிக்கும் இதில் ஒரு பழைய பாடம் உண்டு.

1958-ல் அமெரிக்காவிலிருந்து ஒரு துணி இறக்குமதியாளர் சென்னைக்கு வந்தார். கட்டம் போட்ட சென்னைக் கைத்தறித் துணியைப் பார்த்து மயங்கி, ஆயிரக்கணக்கான கெஜம் வாங்கினார். விற்றவர் கேப்டன் கிருஷ்ணன் நாயர். பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவியவர். இந்தத் துணியில் இயற்கைச் சாயம் ஏற்றியிருக்கிறது, குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத்தான் அலச வேண்டும் என்று நாயர் எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கை கடையில் சட்டை வாங்கியவரிடம் போய்ச் சேரவில்லை. வாஷிங் மிஷினில் போட்டார்கள். சாயம் ஓடியது. கூட இருந்த வெள்ளைத் துணியெல்லாம் வண்ணமயம்! அமெரிக்காவில் ஒரே ரகளை.

வழக்குக்குப் போக வேண்டிய விவகாரம் விளம்பரமாக மாறியது. "சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்" என்ற பொருளில் விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு துவைப்பிலும் நிறம் கலந்து புதிதாகத் தெரியும், இது கையால் செய்த துணி என்பதற்கு அதுவே அத்தாட்சி என்றார்கள். அமெரிக்க மாணவர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

கைவேலைப் பொருளின் குணத்தை மறைக்காமல் சொன்னால் வாங்குகிறவர் ஏற்றுக் கொள்வார். ஆனால் முதலிலேயே சொல்ல வேண்டும், அவருக்குப் புரியும் பாஷையில் சொல்ல வேண்டும். பொம்மை விஷயத்திலும் இது பொருந்தும். அரக்கு சூட்டில் இளகும். அடுப்பு அருகிலும் கொளுத்தும் வெயிலிலும் வைக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைக்கலாம், ஊறப் போடக் கூடாது. இதை ஒரு சிறு சீட்டில் அச்சடித்துப் பெட்டியில் வைப்பது பொம்மை செய்வதைப் போலவே முக்கியம்.

ஒன்றேகால் அங்குலக் குழல்

பொம்மை ஏற்றுமதியில் பெரிய சோதனை, குழந்தையின் வாய்!

2007-ல் சீனாவில் தயாரான லட்சக்கணக்கான பொம்மைகள் அமெரிக்கக் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பெயிண்டில் ஈயம் இருந்ததே காரணம். மறு ஆண்டே அமெரிக்கா கடுமையான சட்டம் கொண்டு வந்தது. ஐரோப்பாவிலும் தனி விதிமுறைகள் இருக்கின்றன.

அந்தச் சமயத்தில் இயற்கைச் சாயமும் அரக்கும் கொண்ட சென்னபட்டணாப் பொம்மைக்கு மதிப்பு கூடியது. ஆனால் எல்லாப் பட்டறைகளும் இயற்கைச் சாயத்தையே பயன்படுத்துகின்றன என்று சொல்ல முடியாது. ரசாயனச் சாயம் மலிவு. நிறமும் பளிச்சென்று இருக்கும். வெளிநாட்டுக்காரரோ வாய் வார்த்தையை நம்ப மாட்டார். சோதனைச் சாலையின் சர்டிபிகேட் கேட்பார்.

இன்னொன்று, அளவு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மையில் தொண்டையில் சிக்கும் சிறு பாகம் எதுவும் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் இதற்கு ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள ஒரு சிறு குழல் வைத்திருக்கிறார்கள். பொம்மையோ, அதிலிருந்து கழன்று வரும் துண்டோ அந்தக் குழலுக்குள் முழுதாக அடங்கிவிட்டால் தேறாது. பொம்மையின் தொப்பி ஒரு நூல் பெரிதாக இருந்தால் வியாபாரம். சிறிதாக இருந்தால் சரக்கு முழுவதும் திரும்பி வரும். மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய தங்கவயல் டர்னருக்கு இது சாதாரணம். பார்வையாலேயே அளவு பார்க்கும் கிராமத்துக் கைவினைஞருக்கு இது புதுப் பழக்கம்.

இந்தியாவிலும் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆயிற்று. பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் இந்த விலக்கு உள்நாட்டில்தான் செல்லும். அடுத்த நாட்டுத் துறைமுகத்தில் அந்த நாட்டுச் சட்டம்தான் பேசும்.

சோதனைக்குச் செலவாகும். ஒரு மாதிரியைச் சோதிக்க 20,000 ரூபாய் ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக் கொள்வோம். தனியாக ஒருவர் 100 பொம்மை அனுப்பினால் பொம்மைக்கு 200 ரூபாய் சோதனைச் செலவே விழும். ஐம்பது பட்டறைகள் சேர்ந்து 10,000 பொம்மை அனுப்பினால் பொம்மைக்கு 2 ரூபாய்தான். சங்கம் வேண்டும் என்று சொல்வதன் பொருளாதாரம் இதுவே. தங்கச் சுரங்கத்தில் தொழிற்சங்கம் நடத்தியவர்களுக்கு இதை யாரும் போதிக்க வேண்டியதில்லை.

சென்னபட்டணாவில் 2006-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 254 வீட்டுப் பட்டறைகளிலும் 50 சிறு தொழிற்கூடங்களிலும் 6,000-க்கு மேற்பட்டவர்கள் இந்தத் தொழிலில் இருந்தார்கள். 32 கடைசல் இயந்திரங்கள் கொண்ட பொதுத் தொழில் வளாகம் ஒன்றைக் கர்நாடக அரசு அங்கே அமைத்தது. நெதர்லாந்து அரசின் உதவியும் இத்தொழிலாளர்களுக்குக் கிடைத்தது.

பெயருக்கும் பாதுகாப்பு

ஊர்ப் பெயரை வைத்து வியாபாரம் நடக்கும்போது போலியும் வரும். மலிவான சீனப் பொம்மை வந்து குவிந்த காலத்தில் சென்னபட்டணாவில் பல பட்டறைகள் மூடிக் கிடந்தன. மிஷினில் செய்து, மேலே வார்னிஷ் அடித்து, சென்னபட்டணாப் பொம்மை என்று விற்கிறவர்களும் உண்டு.

இதைத் தடுப்பதற்குத்தான் புவிசார் குறியீடு. 1999-ல் இயற்றப்பட்ட சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. 2005-2006-ல் சென்னபட்டணாப் பொம்மை பதிவு பெற்றது. தமிழ்நாட்டில் சுவாமிமலை வெண்கலச் சிலை, தஞ்சாவூர் ஓவியம், பத்தமடைப் பாய், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தோடர் பூத்தையல் ஆகியவையும் இந்த உரிமையைப் பெற்றுள்ளன.

ஆனால் சட்டப் பதிவு மட்டும் பொம்மையை விற்றுக் கொடுக்காது. கொகேஷியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் செய்தவரின் கையெழுத்து இருக்கும். ஒரே கைவினைஞரின் பொம்மைகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் ரசிகர்கள் அங்கே உண்டு. இங்கேயோ பொம்மையின் அடியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. செய்தவர் பெயர் கடைக்காரருக்கே தெரியாது. பெயர் தெரியாதவரின் உழைப்புக்கு விலை பேசுவது இடைத்தரகருக்குச் சுலபம்.

குமாஸ்தா வேண்டும்!

அரசு நிறுவனங்கள் இதில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1952-ல் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் ஏற்பட்டது. கமலாதேவி சட்டோபாத்யாய அதன் தலைமைப் பொறுப்பேற்று ஊர் ஊராகச் சென்று கைவினைஞர்களைத் தேடிப் பிடித்தார். கர்நாடகத்தில் காவேரி எம்போரியம், தமிழ்நாட்டில் 1973-ல் தொடங்கிய கைத்திறத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் விற்பனை நிலையங்கள் எல்லாம் வந்தன. வெளிநாட்டு விற்பனைக்காக மத்திய அரசு தனி ஏற்றுமதிக் கழகமும் நடத்தியது. 2021-ல் அந்தக் கழகத்தை மூட முடிவாயிற்று.

இப்போது கைவினைஞரே நேராக வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பலாம். மத்திய வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தில் 500 ரூபாய் கட்டி, பான் கார்டை வைத்து ஏற்றுமதியாளர் எண் வாங்கலாம். சிறு பார்சல்களைத் தபால் ஆபீஸ் மூலமாகவே சுங்கப் பத்திரம் தாக்கல் செய்து அனுப்ப, 2022-ல் தபால் இலாகா ஏற்றுமதி மையங்களைத் தொடங்கியது.

வழி திறந்திருக்கிறது. ஆனால் அந்த வழியில் நடக்க வேறொரு திறமை வேண்டும். வெளிநாட்டுக்காரர் கேட்கும் கேள்விக்கு அன்றைக்கே பதில் எழுத வேண்டும். இன்வாய்ஸ் பிழையில்லாமல் போட வேண்டும். எடை, அளவு, விலை, பொருளின் சுங்க எண் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். கப்பலில் போகும் மரப்பெட்டியை 56 டிகிரிச் சூட்டில் 30 நிமிடம் பதப்படுத்தி முத்திரை குத்த வேண்டும். இல்லாவிட்டால் மரத்தில் பூச்சி இருக்கும் என்று பல நாடுகள் பெட்டியை உள்ளே விடாது.

விதிகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அமெரிக்காவுக்கு 800 டாலர் வரையுள்ள பார்சலுக்கு வரியில்லை என்று ஒரு சலுகை இருந்தது. 2025 ஆகஸ்டு 29-ல் அந்த நாடு அதை எல்லா நாடுகளுக்கும் நீக்கி விட்டது. அதை நம்பி விலை சொன்னவர்கள் திண்டாடினார்கள். ஒரே நாட்டை நம்பியிருக்கக் கூடாது, செய்தித்தாளைத் தவறாமல் படிக்க வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

பொம்மை கடைகிறவருக்கு உளி பிடிக்கத் தெரியும். இந்தக் காகித வேலை தெரியாது. அதனால்தான் இடையில் இருப்பவர் எடுத்துக் கொள்ளும் பங்கு பெரிதாகி விடுகிறது. உண்மையில் கைவினைஞருக்கு முதலில் தேவைப்படுவது கப்பல் அல்ல. ஒரு நல்ல குமாஸ்தா!

தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசி, ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, கணக்கைப் பைசா பிசகாமல் முடிக்கத் தெரிந்தவர்கள் தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். இன்னொருவர் கம்பெனிக்காகச் செய்கிற அதே வேலைதான் இது.

தங்கம் போனது எங்கே?

கைவினை தேடிச் சென்னபட்டணா வரை போக வேண்டும் என்பதும் இல்லை. கோலார் மாவட்டத்திலேயே மாலூர் வட்டத்தில் சிவாரப்பட்டணம் இருக்கிறது. கல்லில் தெய்வச் சிலை வடிக்கும் சிற்பிகளின் ஊர். அங்கே உளிச் சத்தம் கேட்காத தெரு இல்லை. சிலையை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் அது பழம்பொருள் அல்ல, புதிதாகச் செய்தது என்று தொல்பொருள் துறையிடம் சான்று வாங்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் பழஞ்சிலைகள் கடத்தப்படுவதைத் தடுக்கிறது. இந்தக் காகித வேலையும் குமாஸ்தாவின் வேலைதான்.

தங்கவயல்காரர்களுக்குக் கடல் கடந்த வியாபாரம் புதிதல்ல. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுப்புறச் சீமைகளிலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோ மீட்டருக்கு மேல் ஆழம் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். 120 ஆண்டுகளில் சுமார் 800 டன்! வெள்ளைக்காரர் காலத்தில் அந்தத் தங்கம் கப்பலேறி இங்கிலாந்து போனது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. இங்கே மிஞ்சியவை சயனைடு மண் மேடுகள்.

தங்கம் ஒரு முறை வெளியே போனால் போனதுதான். பூமி இன்னொன்று செய்து தராது. கடைசல் பொம்மை அப்படியல்ல. இன்றைக்கு ஒன்று கப்பலேறினால் நாளைக்கு இன்னொன்று செய்யலாம். வெட்பாலையை வெட்டிய இடத்தில் கன்று நட்டு வளர்த்தால் மரமும் குறையாது. தகப்பன் பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்தால் கை வேலையும் குறையாது.

ஆனால் கற்றுக் கொள்ளப் பிள்ளை முன்வர வேண்டும். பொம்மை கடைந்து கிடைக்கிற கூலியை விடப் பெங்களூரில் காவல் வேலைக்குக் கிடைக்கிற சம்பளம் அதிகம் என்றால் எந்தப் பிள்ளை முன்வருவான்? ஜப்பான் சட்டம் போட்டும் பட்டம் கொடுத்தும் இந்தக் கேள்விக்கு இன்னும் முழு விடை காணவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் கொடுக்கிற விலையில் நியாயமான பங்கு லேத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கைக்கு வந்தால்தான் அடுத்த தலைமுறை அந்த லேத்தின் முன்னால் உட்காரும்.

அடுத்த முறை பண்டிகைக்கு ஊர் திரும்பும்போது பெங்களூரிலோ மைசூர் ரோட்டுக் கடைகளிலோ ஒரு சென்னபட்டணாப் பம்பரத்தை வாங்கிப் பாருங்கள். கவிழ்த்துப் பார்த்துச் செய்தவர் யார் என்று கடைக்காரரைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் பட்டறையைக் கேட்பார். பட்டறைக்காரர் பெயர் எழுதத் தொடங்குவார்.

வீட்டுக்கு வந்து தரையில் சுற்றி விட்டால், குழந்தை கை தட்டும். தோக்கியோவிலோ நியூயார்க்கிலோ இன்னொரு குழந்தையும் அதே பம்பரத்துக்குக் கை தட்டிக் கொண்டிருக்கும்.